பெட்டியில் எழுதியதும் கிளாம்ப் மீட்டர் காட்டியதும்

கோவை கணபதியில் இருபத்தாறு ஆண்டுகளாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். எரிந்துபோன பம்ப்செட் மோட்டார் வந்தால் பழைய காயிலைப் பிரித்து, புதுக் கம்பி கட்டி, வார்னிஷில் முக்கி, உலர்த்தி, மெகர் என்ற இன்சுலேஷன் மீட்டரில் சோதித்து, கடைசியில் சுமை கொடுத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் விவசாயியின் கையில் கொடுப்பேன். தண்ணீர் இழுக்காத மோட்டார் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். வீட்டுக் கணினிக்கு வாங்கிய புதிய மதர்போர்டையும், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கி இணைக்கும் பலகையையும், அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

என் மகள் கட்டிடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வரைந்த கட்டிடத்தை வெயிலும் நிழலுமாகப் படமாக்கிக் காட்ட பிளெண்டர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறாள். வீட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் 4 ஜிபி நினைவகம்தான். மரம், புல், கண்ணாடி என்று காட்சி பெரிதானதும் அது கொள்ளாது. மொத்த வேலையும் பிராசசரின் தலையில் விழும். ஒரு படத்துக்கு முக்கால் மணிநேரம், ஒரு மணிநேரம் என்று அதற்குள் கணக்குப் போடும் கோர்கள் எல்லாமே மூச்சுவிடாமல் ஓட வேண்டும். கடிதம் தட்டச்சு செய்யும் கணினியின் வேலை அல்ல இது. கிணறு வற்றும்வரை இறைக்கும் பம்ப்செட்டின் வேலை.

பங்குனியில் கோடைமழையோடு விழுந்த இடியில் எங்கள் பழைய பி450 போர்டு போய்விட்டது. அதோடு ஓடிக்கொண்டிருந்த ரைசன் 5 2600ஐயும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து, எட்டுக் கோர் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் வாங்கினேன். பி550 சிப்செட் கொண்ட போர்டுக்கு காந்திபுரத்தில் ஒரு கடையில் 8,400 ரூபாய் கொடுத்தேன். ஏ520 சிப்செட் போர்டு அதைவிட மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஏ520இல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்ட, முடியாது, பி550இல் முடியும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்தேன். பெட்டியிலும் ஓவர்கிளாக்கிங்குக்கு ஏற்றது என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சோதித்தது ஒரே ஒரு போர்டு. இந்த விலையில் இதே அமைப்போடு வருகிற போர்டுகள் வேறு பெயர்களிலும் இருக்கின்றன. பெயரைவிட அடையாளங்களைச் சொன்னால்தான் வாங்கப்போகிறவருக்கு உதவும்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கை சொன்னது: எடை இல்லை. மின் இணைப்பின் 24 பின் கனெக்டரை அழுத்தியபோது போர்டு கண்ணுக்குத் தெரியும்படி வளைந்தது. செத்துப்போன பழைய போர்டை மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2018இல் கிட்டத்தட்ட இதே விலைக்கு வாங்கியது அது. அதில் பிராசசர் சாக்கெட்டுக்கு இடப்பக்கம், மாஸ்ஃபெட்டுகள் என்ற மின் சுவிட்ச் சிப்புகளின் மேல், சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இரண்டு திருகுகளால் பூட்டியிருந்தது. புதிய போர்டில் அந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. மாஸ்ஃபெட்டுகளின் கறுப்பு முதுகு அப்படியே தெரிந்தது. மின்சாரத்தைச் சீராக்கும் சோக்குகள் பிராசசருக்கு நான்கு, துணைப் பகுதிக்கு இரண்டு. ஆறு ஆண்டு கழித்து, புது சிப்செட் என்ற பெயரில், அதே காசுக்குக் குறைவான பொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மனது கனத்தது.

இந்த இடத்தை ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணினியின் பவர் சப்ளை பிராசசருக்கு 12 வோல்ட் அனுப்புகிறது. பிராசசருக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். நடுவில் நின்று 12ஐ 1.2 ஆக்கித் தருவதுதான் விஆர்எம் என்ற பகுதியின் வேலை. வோல்டேஜ் இறங்கினால் கரண்ட் ஏறும். பிராசசரின் கோர்கள் 110 வாட் இழுக்கும்போது 1.25 வோல்ட்டில் அது ஏறக்குறைய 90 ஆம்பியர். என் பட்டறைக்குப் பக்கத்தில் கேட் செய்யும் வெல்டர் 3.15 மில்லிமீட்டர் ராடு எரிக்க வைக்கும் கரண்ட் அந்த அளவில்தான் இருக்கும். அவ்வளவு கரண்ட்டும் சுண்டுவிரல் நகம் அளவுள்ள சில மாஸ்ஃபெட்டுகள் வழியாகப் போகிறது. அதன் சூட்டைத் தாங்க எதுவும் வைக்கவில்லை என்றால் அந்தப் போர்டை எதற்கு ஏற்றது என்று சொல்லி விற்கிறார்கள்?

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலி நன்றாக இருக்கிறது. நெட்வொர்க் குறைசொல்ல முடியாது. விசிறிக்கு இரண்டே இணைப்புகள். கோளாறு எங்கே என்று காட்டும் சிறு விளக்குகள் இல்லை. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் அமைப்பை அழிக்க பட்டன் இல்லை. இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் முனையால் இணைக்க வேண்டும், அதுவும் கிராபிக்ஸ் கார்டின் அடியில் கை நுழையாத இடத்தில். ஓவர்கிளாக் செய்கிறவன் நாளுக்குப் பத்துமுறை தொட வேண்டிய இடம் அது. ராம் 4,400 வேகம் வரை போகும் என்று பெட்டியில் இருக்கிறது. என்னிடம் இருந்த 3,600 ராம், எக்ஸ்எம்பி என்ற அதன் அறிவித்த வேக அமைப்பில் மெம்டெஸ்ட்86 சோதனையில் பிழை காட்டியது. 3,466க்கு இறக்கி நான்கு சுற்று ஓட்டினேன், சுத்தமாக வந்தது. பிராசசரில் கை வைக்கும் முன் ராமை இப்படித் தனியாகச் சோதித்து முடித்துவிடுங்கள். இல்லையென்றால் பிறகு வரும் கோளாறு யாருடையது என்று தெரியாமல் நாட்கணக்கில் அலைய நேரிடும்.

ஓவர்கிளாக்கிங் எனக்குப் புதிதல்ல. 1999இல் இன்டெல் செலரான் 300ஏ வாங்கினேன். 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் அது. பிராசசரையும் போர்டையும் இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு மாற்றினால் போதும், 4.5 மடங்கு என்று பூட்டிய பெருக்கத்தோடு சேர்ந்து நேராக 450 ஆகிவிடும். பிஎக்ஸ் சிப்செட் போர்டில் வோல்டேஜைக்கூட ஏற்றாமல் ஓடியது. அந்த இரவு எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்றும் நினைவில் இருக்கிறது. உள்ளே ஒளிந்திருந்த பலத்தை நம் கையால் வெளியே எடுத்த சந்தோஷம். அது சாத்தியமானதற்குக் காரணம் பிராசசர் மட்டுமல்ல. 100ஐத் தாங்கும்படி அந்தப் போர்டைச் செய்தவர்களும்தான்.

இப்போது இந்தப் போர்டுக்கு வருகிறேன். எதையும் மாற்றாமல், 5700எக்ஸ் தன் இயல்பான 76 வாட் எல்லைக்குள் ஓடும்போது பிராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் மதிப்பெண் 13,480. அதில் குறை இல்லை. பிராசசரின் மேல் உயரமான டவர் கூலர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய 2600 பிராசசரோடு வந்த கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். போர்டின் மேலும் கொஞ்சம் காற்று படும். டவர் கூலர் காற்றைக் குறுக்கே தள்ளிவிடுகிறது. பிராசசர் குளிரும், விஆர்எம் புழுங்கும். எனவே ஒரு மாஸ்ஃபெட்டின் முதுகில், மோட்டார் வைண்டிங்கில் சூடு பார்க்க வைத்திருக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையை வைத்து, சூடு தாங்கும் மஞ்சள் டேப்பால் ஒட்டினேன். இந்தப் போர்டு தன் விஆர்எம் வெப்பத்தை எந்த மென்பொருளிலும் காட்டவில்லை. காட்டாததை நாம்தான் அளக்க வேண்டும். இயல்பான ஓட்டத்திலேயே, அறை 36 டிகிரி இருந்த மதியத்தில், அது 91 காட்டியது.

அடுத்து எல்லாக் கோரையும் 4.6 கிகாஹெர்ட்ஸில் பூட்டி, 1.275 வோல்ட் கொடுத்தேன். பிரைம்95ஐ ஓட்டினேன். பகா எண்களில் மெர்சென் வகையைத் தேடுவதற்காக 1996இல் எழுதப்பட்ட மென்பொருள் அது. அதன் சோதனை முறையில் எனக்குப் பிடித்தது, விடை முன்பே தெரிந்த கணக்குகளைத்தான் கொடுக்கிறது என்பது. பிராசசர் நிற்காமல் ஓடினால் மட்டும் போதாது, சரியான விடையும் சொல்ல வேண்டும். நான்காவது நிமிடத்தில் ஒரு கோர் தவறியது. 0.4க்குக் கீழே இருக்க வேண்டிய பிழையளவு 0.5 என்று திரையில் வந்தது. கணினி அணையவில்லை, படம் உறையவில்லை. கணக்கு மட்டும் தப்பு. இப்படிப்பட்ட கணினியில் மகள் ஒரு மாதம் வேலை செய்திருந்தால் ஏதோ ஒரு கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போயிருக்கும்.

ஏன் தவறியது என்று பார்க்க, கேபினெட்டைப் படுக்கவைத்து, போர்டின் பின்பக்கம் சாக்கெட்டுக்கு நேர் கீழே இருக்கும் கெபாசிட்டரில் மல்டிமீட்டர் முனைகளை வைத்தேன். வேலை இல்லாதபோது 1.27. பிரைம்95 தொடங்கியதும் 1.19. நான் கொடுத்த வோல்டேஜில் 0.08க்கு மேல் வழியிலேயே காணாமல் போனது. தோட்டத்தின் கடைசி மோட்டாருக்கு நீள ஒயரில் கரண்ட் போகும்போது 415 வோல்ட் 370 ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுமை ஏறியதும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவது வடிவமைப்பிலேயே உண்டு, அது தப்பில்லை. ஆனால் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நாம் சரிசெய்ய லோடு லைன் கேலிபரேஷன் என்ற அமைப்பு ஓரளவு நல்ல போர்டுகளின் பயாஸில் இருக்கும். இதில் இல்லை. ஓவர்கிளாக்கிங் என்று பெட்டியில் எழுதிவிட்டு, அதற்கு முதல் தேவையான அமைப்பை வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வேறு வழியின்றி 1.35 வோல்ட் கொடுத்தேன், சுமையில் 1.26 கிடைக்கட்டும் என்று. சினிபெஞ்ச் ஒரு சுற்று 15,050 வந்தது. இரவு பதினொரு மணிக்கு, ஜன்னலைத் திறந்துவைத்து, அறை 27 டிகிரியில் இருக்க, பிரைம்95இன் கலப்புச் சோதனையைத் தொடங்கிவிட்டுப் படுத்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு பிழையும் இல்லை. எட்டு மணிநேரம். தெர்மோகப்பிள் மீட்டரின் உச்ச அளவு 108. அதிகம்தான், ஆனால் பிழைத்துக்கொண்டது என்று நினைத்தேன். மகளிடம், கண்ணு, இனிமேல் நீ தாராளமாக வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மதியம் மூன்று மணிக்கு அவளிடமிருந்து போன். "அப்பா, ஐம்பது நிமிடம் என்று காட்டிய படம் இப்போது மூன்றரை மணிநேரம் என்கிறது. மவுஸ்கூட நகரமாட்டேன் என்கிறது." மறுநாள் காலை அவள் கல்லூரியில் மாதிரியைக் காட்ட வேண்டும். வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டில் மாடி அறைக்கு மேல் மொட்டைமாடி. ஏப்ரல் மதியத்தில் அறை 36 டிகிரி. பாகங்களின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்தேன். பிராசசர் 78 டிகிரிதான். ஆனால் வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.55க்கு விழுந்து, சில வினாடி கழித்து ஏறி, மறுபடியும் விழுந்துகொண்டிருந்தது. வெப்ப எச்சரிக்கை பிராசசருக்கு உள்ளிருந்து வரவில்லை, வெளியிலிருந்து வருகிறது என்று அந்த மென்பொருளில் தனி வரி ஒன்று காட்டியது. அதாவது போர்டுதான் பிராசசரின் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தெர்மோகப்பிள் 118. அது முதுகின் சூடு. உள்ளே இன்னும் அதிகம் இருக்கும்.

இரவுக்கும் மதியத்துக்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம். அந்த ஒன்பது டிகிரிதான் எட்டு மணிநேரச் சோதனையைப் பொய்யாக்கியது. குளிர்நாட்டில் இருபது டிகிரி அறையில் செய்த சோதனையை நம்பி நம் ஊரில் வோல்டேஜ் ஏற்றுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்த மாதம், எந்த மணி, எந்த அறை மிகச் சூடாக இருக்குமோ அங்கே, அப்போது சோதியுங்கள். ஏசி போட்ட அறையில் இரவு எடுத்த முடிவு ஏசி போட்ட இரவுக்கு மட்டும்தான் செல்லும்.

எனக்கு இன்னொன்று அறிய வேண்டியிருந்தது. இந்தச் சூடு எவ்வளவு, எங்கே போகிறது? பட்டறையிலிருந்து டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்து வந்தேன். பவர் சப்ளையிலிருந்து பிராசசருக்கு வரும் 8 பின் இணைப்பில் நான்கு 12 வோல்ட் ஒயர்களையும் சேர்த்துப் பிடித்து மீட்டரின் வாய்க்குள் விட்டேன். சினிபெஞ்ச் ஓடும்போது 12.4 ஆம்பியர். அப்போது வோல்டேஜ் 12.0. போர்டுக்குள் நுழைவது ஏறக்குறைய 149 வாட். பிராசசர் இழுப்பதாக மென்பொருள் காட்டியது 124. நடுவில் 25 வாட் காணவில்லை. போர்டு தன் கணக்கை உண்மையாகச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட இது இழப்பு, முழுக்கச் சூடு. 25 வாட் என்பது என் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்னின் அளவு. ஈயத்தை உருக்கும் அந்த அயர்னை, ஹீட்சிங்க் இல்லாத பலகையின் மேல் அணைக்காமல் வைத்துவிட்டுப் போனது மாதிரி.

மகளைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன். ஓட்டத்தை நிறுத்தியதும் 12.4 இரண்டுக்குக் கீழே இறங்குவதையும், தொடங்கியதும் ஒரே தாவலில் ஏறுவதையும் பார்த்தாள். "இவ்வளவு கரண்ட் போகும் என்று தெரிந்துதானே அப்பா செய்திருப்பார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் செய்திருக்க முடியாது.

அன்று இரவே வேகத்தை இயல்புக்கு இறக்கி அவள் படங்களை முடித்துக் கொடுத்தோம். மறுநாள் போர்டோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஆனால் அவர் கணக்கில் ஆன் ஆகிற போர்டு நல்ல போர்டு. மாற்றித் தர இயலாது என்றார். நிறுவனத்துக்கு எழுதினேன். ஓவர்கிளாக் செய்வது வாங்கியவரின் சொந்தப் பொறுப்பு என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஓவர்கிளாக் செய்து எரித்தால் உத்தரவாதம் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும், பிராசசர் செய்யும் ஏஎம்டி நிறுவனமே அதை வெளிப்படையாகச் சொல்கிறது. என் வழக்கு அதுவல்ல. நான் எதையும் எரிக்கவில்லை. பெட்டியில் எழுதிய வேலையை அந்தப் பொருள் ஒரு மதியத்துக்குக்கூடச் செய்யவில்லை என்பதுதான் வழக்கு. நான் மோட்டாரில் 5 எச்பி என்று தகடு அடித்து, அது மூன்று எச்பிக்கே புகைந்தால், ஊரில் தலைகாட்ட முடியுமா?

நீங்கள் வாங்கப் போனால் பெட்டியைப் பார்க்காதீர்கள், போர்டின் படத்தைப் பாருங்கள். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் சோக்குகளுக்குப் பக்கத்தில் உலோகம் பூட்டியிருக்கிறதா, அது திருகால் பூட்டியதா என்று பாருங்கள். வாங்கும் முன்பே நிறுவனத்தின் தளத்தில் கையேட்டை இறக்கி, லோடு லைன் கேலிபரேஷன் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த இரண்டையும் நான் செய்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வேறு போர்டு வாங்கியிருப்பேன்.

பணம் போட்டாகிவிட்டது; போர்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பட்டறையில் கிடந்த அலுமினியத் துண்டை அறுத்து, ரம்பத்தால் வரிவரியாகக் கீறிச் சிறு ஹீட்சிங்குகள் செய்தேன். மாஸ்ஃபெட்டைச் சுற்றிப் போர்டில் திருகு ஓட்டை இல்லாததால் சூடு கடத்தும் பசையால் ஒட்டினேன். பக்கத்தில் இருக்கும் பொடிப்பொடிப் பாகங்களில் உலோகம் பட்டால் போர்டு அந்த நொடியே போய்விடும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் செய்த வேலை இது. கை பழகாதவர்கள் செய்ய வேண்டாம். அதற்கு மேல் 250 ரூபாய்க்கு 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை நேராக விஆர்எம் மேல் ஊதும்படி கட்டினேன். அதே மதியம், அதே 36 டிகிரி, அதே 4.6 கிகாஹெர்ட்ஸ்: 118 காட்டிய இடத்தில் 88. வேகம் ஒருமுறைகூட விழவில்லை. உள்ளங்கை அளவு அலுமினியமும் ஒரு சின்ன விசிறியும் சேர்ந்து 30 டிகிரி. நிறுவனம் மிச்சம் பிடித்தது அந்த அலுமினியத்தைத்தான்.

அப்படியும் 4.6ஐ வைத்துக்கொள்ளவில்லை. காயில் கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. சூடு பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதி. கெபாசிட்டருக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். பிராசசரிலோ வேகம் ஏறுவதோடு வோல்டேஜின் வர்க்கமும் சேர்ந்து பெருகும். 1.1இலிருந்து 1.3 வோல்ட்டுக்குப் போனால் வேகம் அப்படியே இருந்தாலும் 40 சதவீதம் கூடுதலாக இழுக்கும். கடைசிக் கால் கிகாஹெர்ட்ஸுக்கு அவ்வளவு கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

எனவே எதிர்த்திசையில் போனேன். கோர்களைப் பூட்டுவதை விட்டுவிட்டு, பிராசசரைத் தானாக வேகமேற விடும் பிபிஓ அமைப்பில் வாட் எல்லையை 76இலிருந்து 100க்கு ஏற்றி, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 20 கொடுத்தேன். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதும் என்று பிராசசரிடம் சொல்வது போன்றது இது. சினிபெஞ்ச் 14,690. விஆர்எம் வெப்பம் 79. பூட்டிய 4.6ஐவிட வெறும் இரண்டரை சதவீதம் குறைவு. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி பிரைம்95 ஆறு மணிநேரம் ஓடியது, பிழை இல்லை. இந்த முறை நான் மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாதது நல்லதாயிற்று. மூன்றாம் நாள் அவள் ஒரு கட்டுரை தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கணினி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. எட்டுக் கோரும் கொதிக்கக் கொதிக்க ஆறு மணிநேரம் ஓடிய கணினி, நாலு எழுத்து அடிக்கும்போது விழுகிறது. முதலில் எனக்கே விளங்கவில்லை. பிறகு யோசித்தபோது பிடிபட்டது. கனமான சுமையில் எல்லாக் கோரும் 4.4 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் ஓடும், வோல்டேஜும் நிதானமாக இருக்கும். லேசான வேலையில்தான் ஒரே ஒரு கோர் 4.65க்குத் தாவும். அந்தத் தாவலுக்கு மைனஸ் 20 போதவில்லை. மோட்டாரிலும் அப்படித்தான், ஓடும்போது தாங்குவது தொடங்கும்போது தாங்காமல் போகும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ என்ற பெயரில் 18ஆம் எண் பிழை பதிவாகியிருந்தது. அதன் உள்ளே, எந்தக் கோர் என்று காட்டும் ஏபிஐசி எண் 6. ஒரு கோருக்கு இரண்டு எண்கள் என்பதால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 3ஆம் கோர். எட்டுப் பேரில் யார் தடுமாறினான் என்று கணினியே எழுதிவைத்திருந்தது. இதற்கென்று கோர்சைக்ளர் என்ற சிறு நிரல் இருக்கிறது. அது பிரைம்95ஐ ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றி ஓட்டும். அந்தக் கோர் தன் உச்ச வேகத்துக்குப் போகும்படி. மூன்று இரவும் இரண்டு பகலும் ஓட்டினேன். 3ஆம் கோர் மைனஸ் 20இல் பதினோராவது நிமிடத்தில் விழுந்தது. மைனஸ் 15இல் இரண்டு மணிநேரம் கழித்து விழுந்தது. மைனஸ் 8இல் நின்றது. 5ஆம் கோரை மைனஸ் 14க்குக் கொண்டுவந்தேன். மற்ற ஆறும் மைனஸ் 20ஐ எளிதாகத் தாங்கின. எட்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது சோம்பேறித்தனம் என்பதை அந்த வாரத்தில் கற்றேன்.

இன்றோடு ஐந்து வாரம். அணையவில்லை, பதிவேட்டில் ஒரு பிழைகூடச் சேரவில்லை. ஐம்பத்தாறு நிமிடம் ஆகும் அவள் படம் இப்போது ஐம்பத்தோரு நிமிடத்தில் முடிகிறது. இந்த ஐந்து நிமிடம் என்னுடைய அலுமினியமும் விசிறியும் பன்னிரண்டு நாள் உழைப்பும் கொடுத்தது; போர்டு கொடுத்ததல்ல. 65 வாட் வகைப் பிராசசரை இயல்பான வேகத்தில் ஓட்டி, கணக்கு எழுதவும் படம் பார்க்கவும் போகிறவருக்கு இது போதும், வாங்கலாம். ஓவர்கிளாக் என்ற சொல்லைப் பார்த்து வாங்க நினைப்பவர் தொட வேண்டாம். நான் இதை மறுமுறை வாங்கமாட்டேன்.

தெர்மோகப்பிள் கம்பியை இன்னும் எடுக்கவில்லை. கேபினெட்டின் பின்பக்க ஓட்டை வழியாக அது வெளியே வந்து மேசையில் இருக்கும் மீட்டரில் முடிகிறது. படம் போடும் முன் மகள் அதைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவைக்கிறாள்: தேதி, மணி, அறையின் சூடு, போர்டின் சூடு. நேற்று மதியம் 2.40க்கு அவள் எழுதியிருந்தது: அறை 37, போர்டு 80.